போனை ஒட்டுக்கேட்க யார் கையெழுத்து வேண்டும்?

"அதெல்லாம் போன்ல வேண்டாம் சார், வாட்ஸ்அப் கால்ல வாங்க." இந்த வாக்கியத்தைச் சொல்லாத நிலத் தரகரோ, கட்சிக்காரரோ, காண்ட்ராக்டரோ இன்று இருக்க முடியாது. மறைக்க எதுவும் இல்லாதவர்களுக்கும் இது பழகிவிட்டது. லேண்ட்லைன் காலத்தில் பேச்சுக்கு நடுவே 'டொக்' என்று சத்தம் வந்தால் "யாரோ கேக்கறாங்க" என்று குரலைத் தாழ்த்துவோம். பெரும்பாலும் அது லைன்மேன் கோளாறுதான். இப்போது அந்தச் சத்தமும் இல்லை. கேட்கிறார்களா, இல்லையா என்பதற்கு ஓர் அறிகுறியும் கிடையாது.

ஒட்டுக்கேட்க அரசுக்கு அதிகாரம் உண்டா என்றால், உண்டு. சட்டப்படியே உண்டு. தீவிரவாதி குண்டு வைக்கப் போகிறான் என்று தெரிந்தும் அவன் போனைக் கேட்காமல் இருக்கும் அரசை யாரும் விரும்ப மாட்டார்கள். அந்த அதிகாரத்துக்கு யார் கையெழுத்துப் போடுகிறார்கள், போட்டது சரிதானா என்று பிறகு யார் பார்க்கிறார்கள் என்பதுதான் விஷயம். இந்த இரண்டாவது கேள்விக்கு இந்தியாவில் 140 ஆண்டுகளாக ஒழுங்கான பதில் இல்லை. இருக்கிற கொஞ்சநஞ்சப் பதிலும் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் சிரிப்புதான் வருகிறது.

இந்தியத் தந்திச் சட்டம் 1885-ல் வந்தது. அதன் பிரிவு 5(2)-தான் நூற்றாண்டுக்கும் மேலாக ஒட்டுக்கேட்புக்கு அடிப்படையாக இருந்தது. அது ஒரு வாசலும் ஐந்து அறைகளும் கொண்ட வீடு மாதிரி. 'பொது அவசரநிலை' ஏற்பட்டிருக்க வேண்டும், அல்லது 'பொதுப் பாதுகாப்பு' கருதி அவசியமாக இருக்க வேண்டும். இதுதான் வாசல். அதைத் தாண்டிய பிறகுதான் 1972 திருத்தத்தில் வந்த ஐந்து காரணங்களில் ஒன்றைக் காட்ட வேண்டும்: நாட்டின் இறையாண்மை, அரசின் பாதுகாப்பு, நட்பு நாடுகளுடனான உறவு, பொது ஒழுங்கு, குற்றம் செய்யத் தூண்டுவதைத் தடுத்தல். இந்த ஐந்தில் ஒன்று இருப்பது மட்டும் போதாது. முதலில் வாசலைத் தாண்டியாக வேண்டும். கவனித்துப் பார்த்தால், நடந்த குற்றத்தைத் துப்புத் துலக்குவது இந்தப் பட்டியலிலேயே இல்லை.

அதிகாரத்தைக் கொடுத்த சட்டம், அதை எப்படிப் பயன்படுத்துவது என்று விதிகளும் வகுக்கலாம் என்று சொன்னது. யாரும் வகுக்கவில்லை. வெள்ளைக்காரன் வகுக்காததில் ஆச்சரியமில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு வந்தவர்களும் வகுக்கவில்லை என்பதில், யோசித்தால், அதிலும் ஆச்சரியமில்லை.

ஒட்டுக்கேட்பு அரசியல் விவகாரமாக வெடித்தபோதெல்லாம் ஆட்சிகள் ஆட்டம் கண்டிருக்கின்றன. கர்நாடக முதல்வர் ராமகிருஷ்ண ஹெக்டே 1988-ல் பதவி விலகியது போன் ஒட்டுக்கேட்பு விவகாரத்தால்தான். டெல்லியிலும் அரசியல்வாதிகளின் போன்கள் கேட்கப்பட்டதாகப் புகார் கிளம்பி, சிபிஐ விசாரித்தது. அந்த அறிக்கை 1991-ல் பத்திரிகையில் வெளியானது. அதில் இருந்தவை சதித்திட்டங்கள் அல்ல; ஓர் அலுவலகத்தின் அலங்கோலம்.

டெல்லி தொலைபேசி நிறுவனமான எம்டிஎன்எல்-லின் கோப்புகளைச் சிபிஐ புரட்டியிருக்கிறது. 4 எண்கள் ஒட்டுக்கேட்பில் இருந்தன, அதற்கான உத்தரவைக் காணோம். 279 எண்களுக்கு உத்தரவு இருந்தது, ஒட்டுக்கேட்புப் பட்டியலில் அந்த எண்களைக் காணோம். 133 எண்கள் அனுமதித்த காலம் முடிந்த பிறகும் கேட்கப்பட்டன. ஏன் என்று கேட்டதற்கு, சம்பந்தப்பட்ட அமைப்புகளின் ஆட்கள் வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டார்கள், நல்லெண்ணத்தில் தொடர்ந்தோம் என்று பொதுமேலாளர் விளக்கம் தந்தார். 111 எண்கள் 180 நாள் உச்சவரம்பைத் தாண்டியும், அரசு அனுமதி பெறாமலேயே கேட்கப்பட்டன.

வாய்மொழி வேண்டுகோள்! ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க நாலு சான்றிதழ் கேட்கும் நாட்டில், ஒருவரின் அந்தரங்கப் பேச்சைக் கேட்பதற்கு "கொஞ்சம் கன்டின்யூ பண்ணுங்க" போதுமானதாக இருந்திருக்கிறது.

இந்த அறிக்கையை வைத்து பியுசிஎல் என்கிற மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 டிசம்பர் 18 அன்று நீதிபதிகள் குல்தீப் சிங், எஸ். சகீர் அகமது தீர்ப்புச் சொன்னார்கள். போனில் பேசுவது அந்தரங்க உரிமையின் பகுதி, அது உயிர் வாழும் உரிமைக்குள் அடங்கும் என்றது தீர்ப்பு. 'பொது அவசரநிலை', 'பொதுப் பாதுகாப்பு' என்பவற்றுக்கு அது சொன்ன விளக்கம் இன்றைக்கும் முக்கியம். இரண்டுமே மக்கள் பெருவாரியாகப் பாதிக்கப்படும் நிலைமைகள். இவை ரகசியமானவையும் அல்ல. விவரம் தெரிந்த எந்த மனிதரும் நிலைமையைப் பார்த்தே 'ஆமாம், இது அவசரநிலைதான்' என்று சொல்லிவிட முடியும். வெள்ளம், கலவரம், போர் மாதிரி. உள்துறை அலுவலகத்தின் ஃபைலுக்குள் மட்டும் நிகழும் அவசரநிலை என்று ஒன்று கிடையாது.

பியுசிஎல் இன்னொன்றும் கேட்டது: ஒட்டுக்கேட்பதற்கு முன் நீதிபதியின் அனுமதி வேண்டும். வீட்டைச் சோதனை போட வாரன்ட் வாங்குவது போல. அதை நீதிமன்றம் ஏற்கவில்லை. சட்டத்தில் அப்படி ஏற்பாடு இல்லாதபோது நாங்கள் திணிக்க முடியாது என்றது. அரசு விதிகளை வகுக்கும்வரை தற்காலிக நடைமுறை ஒன்றை மட்டும் தந்தது. மத்திய அல்லது மாநில உள்துறைச் செயலர் மட்டுமே உத்தரவிடலாம். உத்தரவின் ஆயுள் இரண்டு மாதம். நீட்டித்தாலும் மொத்தம் ஆறு மாதம்தான். ஒரு வாரத்துக்குள் உத்தரவின் நகலை மறுஆய்வுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். அந்தக் குழு, உத்தரவு சட்டப்படி இல்லை என்று கண்டால் ரத்து செய்து, கேட்டதை அழிக்கச் சொல்ல வேண்டும்.

1999-லும் பிறகு திருத்தமாக 2007-லும் இதுவே விதி 419ஏ என்று அரசு விதியாக வந்தது. ஆக, 1885-ல் வந்த சட்டத்துக்கு உச்ச நீதிமன்றம் உலுக்கிய பிறகுதான் விதி பிறந்தது.

சரி, அந்த மறுஆய்வுக் குழுவில் யார் இருக்கிறார்கள்? மத்தியில் கேபினட் செயலர், சட்டத் துறைச் செயலர், தொலைத்தொடர்புத் துறைச் செயலர். மாநிலத்தில் தலைமைச் செயலர், சட்டத் துறைச் செயலர், உள்துறை அல்லாத வேறொரு துறையின் செயலர். நீதிபதி இல்லை. எதிர்க்கட்சியைச் சேர்ந்தவர் இல்லை. வெளியாள் ஒருவர்கூட இல்லை. தமிழ்நாட்டை எடுத்துக்கொண்டால், உத்தரவில் கையெழுத்துப் போடுபவரும் அதை மறுஆய்வு செய்பவர்களும் ஒரே கோட்டைக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஃபைல் ஒரு வராந்தாவைத் தாண்டிப் போய்த் திரும்பி வருகிறது.

அந்த அதிகாரிகள் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. நேர்மையானவர்களாகவே வைத்துக்கொள்வோம். அவர்களால் இந்த வேலையைச் செய்ய முடியுமா? தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒருமுறை கிடைத்த பதிலின்படி, மத்திய உள்துறை மட்டும் மாதத்துக்குச் சராசரியாக 7,500 முதல் 9,000 ஒட்டுக்கேட்பு உத்தரவுகளைப் பிறப்பித்து வந்தது. குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்பது விதி. அப்படியானால் ஒரு கூட்டத்தில் 15,000 முதல் 18,000 உத்தரவுகள். காலை பத்து மணிக்கு உட்கார்ந்து மாலை ஆறு வரை டீ குடிக்கக்கூட எழாமல் பார்த்தாலும், ஓர் உத்தரவுக்கு இரண்டு விநாடிகூடத் தேறாது. தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்காக அரசே நியமித்த நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா குழுவும் 2018 அறிக்கையில் இந்தக் கணக்கைப் போட்டு, இது நடக்கிற காரியமில்லை என்று சுட்டிக்காட்டியது.

உத்தரவே இல்லாமல் ஒட்டுக்கேட்பதும் நடந்திருக்கிறது. 2005-ல் அமர் சிங் என்ற அரசியல் தலைவரின் போனை ஒட்டுக்கேட்கும்படி தொலைபேசி நிறுவனத்துக்குக் கடிதம் போனது. கடிதம் போலி. அதில் மோசமான பிழைகள் மலிந்திருந்தன. இருந்தும் நிறுவனம் கேட்டதைச் செய்து கொடுத்துவிட்டது. இப்படிப்பட்ட கடிதத்தைப் பார்த்தாவது சந்தேகம் வந்திருக்க வேண்டாமா, உரியவரிடம் சரிபார்த்திருக்க வேண்டாமா என்கிற தொனியில் உச்ச நீதிமன்றம் 2011-ல் நிறுவனத்தைக் கண்டித்தது. அந்தப் போலிக் கடிதத்தை எழுதியவர் கொஞ்சம் நன்றாகப் படித்தவராக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

தெலங்கானா மாநில விவகாரம் இன்னும் பெரியது. மாவோயிஸ்ட் நடமாட்டத்தைக் கண்காணிக்க அங்கே போலீஸில் தனி உளவுப் பிரிவு உண்டு. 2023 டிசம்பரில் தேர்தல் முடிவுகள் வந்து ஆட்சி மாறியது. முடிவுகள் வந்த மறுநாள் இரவு, அந்தப் பிரிவின் அலுவலகத்தில் ஹார்டு டிஸ்குகள் அழிக்கப்பட்டன என்று 2024 மார்ச்சில் வழக்குப் பதிவாகி அதிகாரிகள் கைதானார்கள். எதிர்க்கட்சியினர், தொழிலதிபர்கள் உள்ளிட்டோரின் எண்களை மாவோயிஸ்ட் தொடர்புடையவர்களின் எண்கள் போலக் காட்டி அனுமதி வாங்கினார்கள் என்பது போலீஸ் தரப்பின் குற்றச்சாட்டு. அது நிரூபிக்கப்படுமா என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். ஆனால் அப்படி ஒரு குற்றச்சாட்டு எழ முடிகிறது என்பதே போதும்: பட்டியலில் இருக்கும் எண் யாருடையது என்று கோட்டைக்குள் யாரும் திருப்பிக் கேட்பதில்லை. ஆட்சி மாறியிருக்காவிட்டால் இந்த வழக்கே வந்திருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

லஞ்ச வழக்குகள் தந்த உரிமை

உங்கள் போனை அரசு ஒட்டுக்கேட்டது என்றால் அது உங்களுக்கு எப்படித் தெரியவரும்? தெரியவராது. கேட்டு முடித்து, ஒன்றுமில்லை என்று விட்டுவிட்ட பிறகும், "ஐயா, உங்களைத் தவறாகச் சந்தேகித்துவிட்டோம்" என்று கடிதம் வராது. அப்படி அறிவிக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. தெரியாத ஒன்றை எதிர்த்து வழக்குப் போடவும் முடியாது.

ஆக, ஒட்டுக்கேட்கப்பட்டதை அதிகாரபூர்வமாகத் தெரிந்துகொள்ளும் ஆள் ஒருவர்தான்: ஒட்டுக்கேட்ட பேச்சு தனக்கு எதிராகச் சாட்சியமாக வரும் குற்றவாளிக் கூண்டுக்காரர். எதையும் செய்யாத அப்பாவிக்கு உரிமை உண்டு, உரிமையைக் கேட்கும் வழி இல்லை. கூண்டில் நிற்பவருக்குத்தான் வழி இருக்கிறது. இந்தியாவில் ஒட்டுக்கேட்புச் சட்டத்தின் பாதி, பியுசிஎல் மாதிரி அமைப்புகளால் வந்தது. மீதிப் பாதி லஞ்ச வழக்கில் மாட்டியவர்களின் வக்கீல்களால் வந்தது. மிகைப்படுத்தவில்லை. பாருங்கள்.

1970-களின் தொடக்கத்தில் மல்கானி வழக்கு. பம்பாயில் கரோனராக, அதாவது சந்தேக மரணங்களை விசாரிக்கும் அதிகாரியாக இருந்தவர் ஒரு டாக்டரிடம் லஞ்சம் கேட்டார் என்பது வழக்கு. போலீஸ், அந்த டாக்டரின் சம்மதத்துடன் போனில் டேப் ரெக்கார்டரை மாட்டிப் பேச்சைப் பதிவு செய்தது. முறைகேடாகத் திரட்டியதாகவே இருந்தாலும் சாட்சியம் சாட்சியம்தான் என்றது உச்ச நீதிமன்றம். நீண்ட காலம் இதுதான் நிலவரம். சட்டத்தை மீறி ஒட்டுக்கேட்டாலும் அதனால் போலீஸுக்கு நஷ்டம் எதுவும் இல்லை.

2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒரே குரலில் சொன்ன பிறகு காற்று திசை மாறியது. 2019 அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு தொழிலதிபர் வந்தார். வங்கி அதிகாரிக்கு ரூ.10 லட்சம் லஞ்சம் கொடுத்தார் என்று சிபிஐ வழக்கு. அவர் போனைக் கேட்க உள்துறை மூன்று உத்தரவுகள் போட்டிருந்தது. பத்து லட்ச ரூபாய் லஞ்சத்தில் பொது அவசரநிலை எங்கே, பொதுப் பாதுகாப்புக்கு ஆபத்து எங்கே என்று கேட்ட நீதிமன்றம் மூன்றையும் ரத்து செய்து, பதிவுகளை அழிக்கச் சொன்னது.

அப்புறம் சென்னை. 2011-ல், கல்வித் துறையில் இருந்த ஒரு நிறுவனத்துக்கு வரி விவகாரத்தில் உதவ வருமான வரித் துறையின் மூத்த அதிகாரி ரூ.50 லட்சம் கேட்டதாகச் சிபிஐ வழக்குப் போட்டது. அந்த நிறுவனத்தின் நிர்வாக இயக்குநருடைய போனைக் கேட்க 2011 ஆகஸ்ட் 12 அன்று மத்திய உள்துறை உத்தரவு போட்டிருந்தது. அவர் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 2025 ஜூலை 2 அன்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அந்த உத்தரவை ரத்து செய்தார்.

இந்தத் தீர்ப்பைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். உத்தரவில் 'பொதுப் பாதுகாப்பு', 'பொது ஒழுங்கு', 'குற்றம் செய்யத் தூண்டுதலைத் தடுத்தல்' என்று சட்டத்தின் சொற்கள் அப்படியே இருந்தன. ஆனால் இந்த வழக்கில் அவை எப்படிப் பொருந்துகின்றன என்று விளக்கம் இல்லை. அச்சடித்து வைத்த படிவத்தில் எண்ணை மட்டும் நிரப்பியது மாதிரி. குற்றத்தைக் கண்டுபிடிக்க ரகசியமாகப் போனைக் கேட்பது தேவையாக இருக்கலாம், அதற்குச் சட்டத்தில் இடமில்லை. வேண்டுமென்றால் நாடாளுமன்றம்தான் சட்டத்தை மாற்ற வேண்டும் என்றது தீர்ப்பு. கேட்ட பேச்சுகளை விதிப்படி மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கவும் இல்லை. அதனால் அவற்றை எதற்கும் பயன்படுத்தக் கூடாது. மற்ற ஆதாரங்களை வைத்து விசாரணை நடக்கலாம்.

இதை 'ஊழல்வாதிக்குக் கிடைத்த விடுதலை' என்று படித்தவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வழக்கு அப்படியே இருக்கிறது, டேப் மட்டும்தான் போனது. கவனிக்க வேண்டியது வேறு. அந்த உத்தரவு 2011-ல் போடப்பட்டபோது ஒரு மறுஆய்வுக் குழு இருந்தது. அதன் வேலையே இந்தக் குறையைக் கண்டுபிடிப்பதுதான். குழுவின் முன் வராத ஒன்றைக் குழு ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. பதினான்கு ஆண்டு கழித்து, குற்றம்சாட்டப்பட்டவர் தன் செலவில் வக்கீல் வைத்து அந்த வேலையைச் செய்ய வேண்டியிருந்தது.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. சென்னைத் தீர்ப்புக்கு ஆறு நாள் முன்பு, ஜூன் 26 அன்று, டெல்லி உயர் நீதிமன்றம் கிட்டத்தட்ட இதே கேள்விக்கு நேர் எதிரான பதிலைச் சொன்னது. அங்கே, டெல்லி கண்காட்சி வளாகத்தை மறுசீரமைக்கும் 2,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை ஒட்டிய லஞ்ச வழக்கு. இவ்வளவு பெரிய பொருளாதாரக் குற்றம் பொதுப் பாதுகாப்பைத் தொடும், ஊழல் நாட்டின் பொருளாதாரத்தையே அரிக்கிறது, எனவே ஒட்டுக்கேட்பு செல்லும் என்றது. அந்த வாதத்தில் ஒரு நியாயம் இருப்பதை மறுக்க மாட்டேன். ஆனால் எத்தனை கோடியில் 'பொதுப் பாதுகாப்பு' தொடங்குகிறது? 10 லட்சத்தில் இல்லை, 50 லட்சத்தில் இல்லை, 2,000 கோடியில் இருக்கிறது என்றால் நடுவில் கோடு எங்கே? சட்டத்தின் சொற்களில் ரூபாய்க் கணக்கே கிடையாது.

வாட்ஸ்அப்புக்கு மாறினால்?

தொடக்கத்தில் சொன்ன நிலத் தரகரிடம் வருவோம். வாட்ஸ்அப் அழைப்பு இரு முனைகளுக்கு இடையே பூட்டப்பட்டிருப்பதால் நடுவில் கேட்பது கடினம். தொழில்நுட்பப்படி அவர் சொல்வது சரி. சட்டப்படி பார்த்தால் அவர் இன்னும் பலவீனமான இடத்துக்குப் போகிறார்.

இணையத்தில் போகும் தகவலுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவு 69 பொருந்தும். 2008 நவம்பரில் மும்பைத் தாக்குதல் நடந்தது. அடுத்த மாதமே, டிசம்பர் 22 அன்று, மக்களவையில் அமளிக்கு நடுவே விவாதம் எதுவும் இல்லாமல் இந்தச் சட்டத்தின் திருத்தம் நிறைவேறியது. புதிய பிரிவு 69-ல் 'பொது அவசரநிலை', 'பொதுப் பாதுகாப்பு' என்கிற வாசலே இல்லை. தந்திச் சட்டத்தில் இல்லாத ஒரு காரணம் சேர்ந்திருந்தது: எந்தக் குற்றத்தையும் புலனாய்வு செய்வதற்காக. 'எந்த' என்றால் எந்தக் குற்றமும். பூட்டைத் திறந்து கொடுக்க உதவாதவருக்கு ஏழு ஆண்டு வரை சிறை. பம்பாயிலும் சென்னையிலும் டேப்பைத் தூக்கியெறிய வைத்த வாதம் இங்கே செல்லாது. மறுஆய்வு செய்வதோ, அதே மூன்று செயலர்கள்.

2018 டிசம்பர் 20 அன்று உள்துறை ஓர் ஆணை வெளியிட்டது. இந்தப் பிரிவின் கீழ் கண்காணிக்க உளவுத் துறையான ஐபி, சிபிஐ, அமலாக்கத் துறை, என்ஐஏ, நேரடி வரிகள் வாரியம், டெல்லி போலீஸ் கமிஷனர் உட்பட பத்து அமைப்புகளுக்கு அதிகாரம் என்றது. பெரிய சர்ச்சை. புதிதாக எதுவும் தரவில்லை, ஏற்கெனவே 2009 விதியில் உள்ளதுதான், ஒவ்வொரு முறையும் உள்துறைச் செயலர் அனுமதி வேண்டும் என்று அரசு விளக்கியது. அந்த விளக்கம் சட்டப்படி சரியானதே. பத்தாண்டுகளாக அப்படித்தான் இருந்தது என்பது ஆறுதலா, கவலையா என்பது அவரவர் மனநிலையைப் பொறுத்தது.

பூட்டு கடினமாக இருந்தால் வீட்டுக்குள்ளேயே ஆளை அனுப்பிவிடுவது ஒரு வழி. பெகாசஸ் அதுதான். இஸ்ரேலின் என்எஸ்ஓ நிறுவனம் அரசுகளுக்கு மட்டுமே விற்பதாகச் சொல்லும் இந்த உளவு மென்பொருள், போனுக்குள் புகுந்து, பூட்டு போடுவதற்கு முன்பே பேச்சை எடுத்துக்கொள்ளும். இந்தியப் பத்திரிகையாளர்கள், எதிர்க்கட்சித் தலைவர்கள் எண்கள் குறிவைக்கப்பட்ட பட்டியலில் இருந்தன என்று 2021 ஜூலையில் செய்தி வெளியானது. வாங்கினீர்களா, இல்லையா என்ற கேள்விக்கு மத்திய அரசு இன்றுவரை நீதிமன்றத்தில் நேரடிப் பதில் தரவில்லை. தேசப் பாதுகாப்பு என்றது. அந்த வார்த்தையைச் சொன்னதும் எல்லாக் கதவும் மூடிக்கொள்ளும் என்று அரசு எதிர்பார்க்கக் கூடாது என்று 2021 அக்டோபர் 27 அன்று உச்ச நீதிமன்றம் அழுத்தமாகச் சொல்லி, ஓய்வுபெற்ற நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் மேற்பார்வையில் நிபுணர் குழு அமைத்தது.

2022 ஆகஸ்டில் அறிக்கை வந்தது. சோதனைக்கு வந்த 29 போன்களில் 5-ல் ஏதோ தீய மென்பொருள் இருந்தது. அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அரசு ஒத்துழைக்கவில்லை என்று குழு சொன்னதாகத் தலைமை நீதிபதி என்.வி. ரமணா திறந்த நீதிமன்றத்தில் தெரிவித்தார். முழு அறிக்கை உறைக்குள் இருக்கிறது. 2025 ஏப்ரலில் வழக்கு மறுபடி வந்தபோது, நாட்டிடம் உளவு மென்பொருள் இருப்பதில் என்ன தவறு, யார் மீது பயன்படுத்தினார்கள் என்பதுதானே கேள்வி என்று நீதிபதிகள் கேட்டார்கள். நியாயம்தான். ஆனால் யார் மீது என்பதற்கான பதிலும் அதே உறைக்குள்தான் இருக்கிறது, இருந்தால்.

சைபர் பாதுகாப்பு என்ற பெயரில் வந்த மாற்றங்களும் இந்தத் திசையிலேயே போகின்றன. இணையத் தாக்குதல்களைக் கையாளும் மத்திய அமைப்பு செர்ட்-இன். நிறுவனங்கள் தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், 180 நாள் பதிவுகளை வைத்திருக்க வேண்டும், இணையத்தில் யார் என்று காட்டாமல் உலவ உதவும் விபிஎன் சேவையை நடத்துபவர்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டு பாதுகாக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் ஆணையிட்டது. சில விபிஎன் நிறுவனங்கள் இந்தியாவிலிருந்து சர்வர்களையே எடுத்துக்கொண்டு போய்விட்டன. 2023 அக்டோபர் கடைசியில், அரசு ஆதரவு பெற்ற ஹேக்கர்கள் உங்கள் போனைக் குறிவைத்திருக்கலாம் என்று எதிர்க்கட்சி எம்.பி.க்கள் பலருக்கு ஆப்பிள் நிறுவனம் எச்சரிக்கை அனுப்பியது. எந்த அரசு என்று ஆப்பிள் சொல்லவில்லை. சுமார் 150 நாடுகளில் இப்படிப்பட்ட எச்சரிக்கை போயிருந்தது. செர்ட்-இன் விசாரிக்கும் என்றார் அமைச்சர். ஒரு மாதம்கூட ஆகவில்லை, நவம்பரில் செர்ட்-இன் அமைப்புக்குத் தகவல் உரிமைச் சட்டத்திலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று நான் சொல்ல முடியாது. விசாரணை என்ன ஆனது என்று இனி ஆர்டிஐ போட்டும் கேட்க முடியாது என்பதைச் சொல்லலாம்.

வெளிநாடுகளில் எப்படி? அமெரிக்காவில் சாதாரணக் குற்ற வழக்கில் போனைக் கேட்க நீதிபதியின் உத்தரவு வேண்டும். ஆண்டுதோறும் எத்தனை உத்தரவு என்று நீதிமன்ற நிர்வாகமே எண்ணிக்கையை வெளியிடுகிறது. பிரிட்டனில் 2016 சட்டப்படி அமைச்சர் கையெழுத்திட்டாலும், நீதித் துறை ஆணையர் ஒருவரும் சம்மதித்தால்தான் உத்தரவு செல்லும். அங்கெல்லாம் பாலும் தேனும் ஓடுகிறது என்று நம்ப வேண்டாம். நீதிமன்றம் இருந்தும் அமெரிக்க உளவுத் துறை என்னவெல்லாம் செய்தது என்பதை அதற்காக வேலை பார்த்த எட்வர்ட் ஸ்னோடென் 2013-ல் வெளியிட்ட ஆவணங்கள் காட்டின. ஆனால் அங்கே திட்டுவதற்கு ஒரு நீதிமன்றமும், சண்டை போட ஒரு நாடாளுமன்றக் குழுவும், எடுத்துக் காட்ட ஓர் எண்ணிக்கையும் இருக்கின்றன. இங்கே ஐபி-க்கு அதன் அதிகாரத்தை வரையறுக்கும் சட்டமே கிடையாது. உளவு அமைப்புகளைக் கேள்வி கேட்கும் நாடாளுமன்றக் குழுவும் இல்லை.

தந்திச் சட்டத்துக்குப் பதிலாக 2023 டிசம்பரில் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் நிறைவேறியது. எதிர்க்கட்சி எம்.பி.க்கள் 140-க்கும் மேற்பட்டோர் இடைநீக்கத்தில் வெளியே இருந்த வாரம் அது. 138 ஆண்டு பழைய சட்டத்தைத் தூக்கிப்போடும்போது, நீதிபதியின் அனுமதி, பிறகாவது அறிவித்தல், ஆண்டு அறிக்கை என ஏதாவது ஒன்று வந்திருக்கலாம். 'பொது அவசரநிலை'யும் 'பொதுப் பாதுகாப்பு'ம் வரையறை இல்லாமல் அப்படியே பிரிவு 20(2)-க்கு இடம் மாறின. ஒட்டுக்கேட்புக்கான புதிய விதிகள் 2024 டிசம்பரில் வந்தன. உத்தரவிடுபவர் உள்துறைச் செயலர். மறுஆய்வு செய்பவர்கள், செயலர்கள்.

எண்ணிக்கை விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. 2018 ஆணைக்குப் பிறகு, டிஜிட்டல் உரிமைகளுக்காக இயங்கும் வழக்கறிஞர் ஒருவர் உள்துறைக்கு ஆர்டிஐ போட்டார். யார் பெயரும் வேண்டாம், எந்த வழக்கு என்றும் வேண்டாம். பிரிவு 69-ன் கீழ் எத்தனை உத்தரவு போட்டீர்கள், அந்த எண் மட்டும் போதும். மறுப்பு, மேல்முறையீடு, தகவல் ஆணையம், உயர் நீதிமன்றம் என்று சில ஆண்டுகள் இழுத்த பிறகு உள்துறை சொன்ன பதில், அந்தத் தகவல் கைவசம் இல்லை என்பது. ஒட்டுக்கேட்பு ஆவணங்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அழித்துவிட வேண்டும் என்று விதி இருக்கிறது. ஒட்டுக்கேட்கப்பட்டவரின் அந்தரங்கத்தைக் காப்பாற்றுவதற்காக வந்த விதி அது. எம்டிஎன்எல் அலுவலகத்தில் ஒழுங்கில்லாததால் கோப்புகள் இல்லை. உள்துறையில் ஒழுங்காக விதியைக் கடைப்பிடித்ததால் கோப்புகள் இல்லை.